முதல் தண்ணீர் மீனுக்கு

அந்தக் கண்ணாடித் தொட்டி எங்கள் வீட்டுக்கு வரும்போதே கீறலோடுதான் வந்தது. ஈப்போவில் உத்தியோகம் பார்த்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் மாற்றலாகிப் போகும்போது வேண்டாத சாமான்களை வாசலில் எடுத்து வைத்திருக்கிறார். தோட்டத்து லோரியில் ரப்பர் ஷீட்டுகளை இறக்கிவிட்டுத் திரும்பிய என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றி, சுங்கை சிப்புட் தாண்டி எங்கள் தோட்டம் வரைக்கும் கொண்டுவந்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார்.

"ஒடஞ்ச கண்ணாடிய எதுக்குத் தூக்கிட்டு வாரீங்க? காலுல குத்தவா?" என்றேன்.

"ஒடையல லா. மேலதான் கீறிக்கிச்சி. பாதிக்குத் தண்ணி நிக்கும்."

"பாதித் தண்ணியில மீனு நிக்குமா, படுக்குமா?"

"நீதான் கெட்டிக்காரியாச்சே. நீயே நிக்க வையி."

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் நான் செய்து காட்டினேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஒரு சாமானைப் பார்த்தால் அதை எதற்கு ஆக்கலாம் என்று எனக்குத் தெரியும். அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ரப்பர் பால் வடிய மரத்தில் மாட்டுகிற மங்கு இருக்கிறதே, அந்தக் கிண்ணம், அடியில் விரிசல் விட்டுவிட்டால் வெட்டுக்காட்டிலேயே வீசிவிடுவார்கள். அப்படி வீசியதை நான் பொறுக்கி வந்தேன். மரத்தில் மங்கைத் தாங்குகிற கம்பியையும் கொண்டுவந்து, கொக்கி மாதிரி வளைத்து, தொட்டியின் விளிம்பில் வரிசையாக மாட்டினேன். மங்குக்குள் மண் போடவில்லை. மண் போட்டால் தண்ணீர் கலங்கிவிடும். சின்னக் கூழாங்கல்லும் அடுப்புக்கரியும் போட்டேன். மணிபிளாண்ட் கொடி, பாண்டான் கன்று, ஆற்றோரத்தில் பிடுங்கிய சேம்பு, காங்கோங் கீரைத் தண்டு, எல்லாவற்றையும் அதில் நட்டு, மங்கின் அடி மட்டும் தண்ணீரைத் தொடும்படி வைத்தேன். கொஞ்ச நாளில் விரிசல் வழியாக வேர் இறங்கியது. வெள்ளை வெள்ளையாக, நூல் மாதிரி, தண்ணீருக்குள் தொங்கியது. மேல் பாதி பச்சை, கீழ்ப் பாதி தண்ணீர். கீறல் எங்கே என்று தேடினாலும் தெரியாது.

மீன் பிடிக்க என் தங்கையும் நானும் போனோம். லயத்துக்குப் பின்னால் ஓடிய லோங்காங்கில், அந்தச் சாக்கடைக் கால்வாயில், கப்பி மீன் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும். பழைய சேலைத் துணியின் இரு முனையை நானும் இரு முனையை அவளும் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை இறங்கி அரித்தோம். அவளுக்கு வாய் ஓயாது.

"யக்கா, இந்தா இவரு ஒங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்காரு. வாலு மட்டும் பெருசு."

"பேசாம புடி. சிரிச்சா மீனு ஓடிரும்."

"ஓடட்டுமே. சாக்கடைய விட்டு எங்க போயிரப் போவுது."

அவள் இரண்டு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்தாள். வீட்டில் அவள் புருஷனும், புருஷனுடைய அக்காவும். அந்த நாத்தனார் புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். சமைப்பாள், துவைப்பாள், தம்பிக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பு இல்லை. என் தங்கைக்கு முதலில் உண்டானதும் தங்கவில்லை, அடுத்ததும் தங்கவில்லை. இரண்டும் கரைந்து போனபோது அவள் மருந்தடிக்கிற கும்பலில் வேலை செய்துகொண்டிருந்தாள். முதுகில் பம்பு மாட்டி, புல்லுக்கு மருந்து அடித்துக்கொண்டே மரத்துக்கு மரம் போகிற வேலை. மூன்றாவதாக உண்டானபோது நானே வேலை பிரித்துக் கொடுக்கிற தண்டல் வீட்டுக்குப் போய் நின்று, அவளைக் கையால் புல் பிடுங்குகிற வேலைக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். இந்தப் பிள்ளை எப்படியாவது நிலைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

வேலை விட்டு வந்து குளித்துவிட்டு, சாயங்காலம் தொட்டிக்கு முன்னால் வந்து உட்காருவாள். கையைத் தண்ணீருக்குள் விட்டு அசைக்காமல் வைத்திருப்பாள். மீன் வந்து அவள் விரலைக் கொத்தும். பெண் மீனுக்கு வயிறு கறுத்து உப்பியிருந்தால், "இவளுக்கும் மாசமாயிருச்சி போல" என்பாள். தொட்டிக்குத் தண்ணீர் குறைந்தால் அவள்தான் ஊற்றுவாள். அது அவள் வேலை என்று ஆகிவிட்டது. வயிறு வெளியே தெரிந்து, நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரியும் ஆகிவிட்டது. இதற்கு முன்னால் அவ்வளவு தூரம் வந்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து மருந்து ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்க்காரர் அவளுக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டின் கொடுத்தார். புல்லுக்கு அடிக்கிற மருந்து வந்த டின். எங்கள் தோட்டத்தில் அது கிடைக்காத சாமான். மூடி இறுக்கமாக இருக்கும், பிடி இருக்கும், துரு ஏறாது. அதை வாங்க ஸ்டோர் வாசலில் ஆள் காத்து நிற்கும். தண்ணீர் பிடிக்க, எண்ணெய் ஊற்றி வைக்க, அரிசி போட, எல்லாவற்றுக்கும் அதுதான். சாம்பலும் புளியும் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தால் சுத்தம் என்று எல்லாரும் நம்பினோம். நானும்தான்.

"புள்ளத்தாச்சி, அடிக்கடி பைப்படிக்குப் போயி வாளி தூக்காதம்மா. இதுல புடிச்சி வச்சிக்க. ஒம் புருஷன தூக்கிவைக்கச் சொல்லு" என்று ஸ்டோர்க்காரர் அவளிடம் கொடுத்தாராம். நல்ல மனுஷன். அந்தக் காலத்தில் தானாகக் கூப்பிட்டு ஒரு பெண்ணுக்கு ஒரு சாமான் கொடுக்கிற ஆள் தோட்டத்தில் அவர் ஒருவர்தான்.

என் தங்கை அதைத் தேய் தேய் என்று தேய்த்தாள். நாத்தனார் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் வாட இல்ல" என்றாள். டின் அவர்கள் வீட்டு அடுப்பாங்கரையில் உட்கார்ந்தது.

அதே வாரத்தில் கடைசி லயத்தில் ஒரு சாவு. மருந்தடிக்கிற கும்பலில் என் தங்கையோடு நின்ற பெண். மாசமாக இருக்கிறவள் சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று நாத்தனார் வாசலை மறித்து நின்றிருக்கிறாள்.

"அவ கூடவே நின்னு சோறு தின்னவ அண்ணி நான். மொகத்தப் பாத்துட்டு வந்துர்றேன்."

"பாக்குறதுக்கு இனி அங்க மொகம் இல்ல. வயித்துல இருக்கறதப் பாரு."

கேட்காமல் போய்விட்டு வந்தாள். குளித்தாள், தலைமுழுகினாள், எல்லாம் செய்தாள். சாயங்காலம் தன் வீட்டிலிருந்து ஒரு சட்டியில் தண்ணீர் மொண்டுவந்து என் தொட்டியில் ஊற்றினாள். கையை விட்டு மீனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் நான் பால் வெட்டிவிட்டு வந்து பார்க்கிறேன், மீன்கள் எல்லாம் வயிறு மேலே தெரிய மிதக்கின்றன. அடியில் தேடினால் ஒன்றுகூட உயிரோடு இல்லை. காங்கோங் இலை ஓரம் சூடு பட்ட மாதிரி கருகியிருந்தது.

லயத்தில் ஒரு விஷயத்தை மறைக்க முடியாது. வீட்டுக்கு வீடு சுவர் பாதிதான். நாத்தனார் வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா, எழவு வீட்டுத் தீட்டு. கை பட்டதும் மீனு செத்துருச்சி. பச்சயும் கருகிப்போச்சி. இவ கை பட்டது எது நெலச்சிருக்கு சொல்லுங்க" என்றாள். என் தங்கை பக்கத்தில்தான் நின்றாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மீனு செத்ததுக்கு இவ என்னா பண்ணுவா? வெயிலு அப்பிடி" என்றேன் நான்.

"வெயிலு இன்னிக்குத்தான் அடிக்குதா?"

நான் செத்த மீன்களை அள்ளத் தொடங்கினேன்.

அன்றிலிருந்து தங்கை என் தொட்டிப் பக்கம் வரவில்லை. நாத்தனார் கோயில் பூசாரியிடம் போய் விபூதி மந்திரித்து வாங்கி வந்தாள். விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு சொம்புத் தண்ணீரில் அந்த விபூதியைக் கரைத்து முழுசாகக் குடிக்க வேண்டும். தீட்டு கழியும், வயிற்றில் இருப்பது நிலைக்கும். அந்தத் தண்ணீரை வேறு யார் கையும் படாமல், புதுசாகக் கிடைத்த டின்னிலிருந்து சாய்த்து ஊற்றினாள். சுத்தமான தண்ணீர் என்று அதைத் தனியாக அவளுக்கே ஒதுக்கி வைத்தாள். மற்றவர்கள் பழைய பானைத் தண்ணீர்தான் குடித்தார்கள். அந்தப் பிள்ளை மேல் நாத்தனாருக்கு அவ்வளவு ஆசை.

தங்கைக்கு வாய் புண்ணானது. சோறு இறங்கவில்லை. வாந்தி. மாசமான பெண்ணுக்கு வாந்தி வந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். "ஒடம்பு சூடு. தண்ணி நெறையா குடி" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள் நாத்தனார். நான் போய்ப் பார்த்தபோது தங்கை சுவரில் சாய்ந்து கிடந்தாள். கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"யக்கா, புது மீனு புடிச்சிங்களா?"

"புடிச்சேன். ஒண்டியா துணிய அரிக்க முடியல. மாமாவ இழுத்துட்டுப் போனேன். அவரு மீனப் புடிக்கல, என்னத்தான் தள்ளிவிட்டாரு."

சிரித்தாள். உதடு வெடித்திருந்ததால் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு தோட்டத்துத் தண்ணீர் மோட்டார் கெட்டுப்போனது. பைப்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எங்கள் வீட்டுப் பீப்பாயில் இருந்தது சமையலுக்கே காணாது. தொட்டியில் தண்ணீர் இறங்கி, வேரெல்லாம் காற்றில் தொங்கியது. தங்கை வீட்டு டின் நிறைய இருப்பது ஞாபகம் வந்து போய்க் கேட்டேன். நாத்தனார் முகம் சுளித்தாள்.

"மனுசனுக்கே தண்ணி இல்ல, மீனுக்கா?"

"ஒரு சட்டிதான். பைப்பு வந்ததும் ரெண்டாத் தாரேன்."

நானே டின்னைச் சாய்த்துச் சட்டியில் பிடித்தேன். என் கையாலேயே கொண்டுவந்து, என் கையாலேயே ஊற்றினேன். தங்கை அந்தப் பக்கமே வரவில்லை. அவள் படுத்த இடத்தை விட்டு எழவில்லை.

சாயங்காலத்துக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு ஒன்று ஒன்றாகச் சாய்ந்தன. நான் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தேன். நான் எந்தச் சாவு வீட்டுக்கும் போகவில்லை. என் கையில் எந்தத் தீட்டும் இல்லை. என் கை ஊற்றினாலும் சாகிறது என்றால், கையில் இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது.

எழுந்து ஓடினேன். அந்த வயதில் நான் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. டின்னைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்து, இருந்த தண்ணீரையெல்லாம் கவிழ்த்தேன். தண்ணீர் இல்லாத நாளில் தண்ணீரைக் கொட்டுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் சத்தம் போட்டார்கள். நான் டின்னைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினேன். அதன் பிடி உள்ளே பொந்தாக இருந்தது. வாய் வழியாக எவ்வளவு கழுவினாலும், நிமிர்த்தி வைத்தே கழுவினால் அந்தப் பொந்துக்குள் தேங்கியது வெளியே வராது. சாய்க்கிறபோதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும். குலுக்கக் குலுக்க அதிலிருந்து பழுப்பாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வாசல் புல்லில் விழுந்தது. அந்தப் புல் அப்புறம் மஞ்சளாகிக் கருகியதை எல்லாரும் பார்த்தார்கள்.

நாத்தனார் டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் மொகந்து பாத்தேனே" என்றாள்.

தோட்டத்து லோரியிலேயே தங்கையை ஏற்றிக்கொண்டு போனோம். என் வீட்டுக்காரர் ஓட்டினார். முதலில் சுங்கை சிப்புட், அங்கிருந்து ஈப்போ. நான் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். வழியில் செமோர் தாண்டும்போது, "யக்கா, அசையல" என்றாள். அசையும், வண்டி குலுங்குவதால் உனக்குத் தெரியவில்லை என்றேன். அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

பெண் பிள்ளை. செத்துப் பிறந்தது. முடி நிறைய இருந்தது. தங்கையைப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் உண்டாகவில்லை. அந்தத் தண்ணீரால்தானா என்று நான் கேட்டேன். ஏற்கெனவே இரண்டு முறை நிலைக்காத உடம்பு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். இருக்கலாம். எனக்கு மீன் சொன்னது போதும்.

ஸ்டோர்க்காரர் ஒரு நாள் வாசல்வரை வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நல்லதுக்குத்தாம்மா குடுத்தேன்."

"தெரியும்ணே" என்றேன். திட்ட எனக்கு வாய் வரவில்லை.

நான் லயம் லயமாகப் போனேன். வெள்ளை டின் வைத்திருந்த வீடெல்லாம் ஏறி இறங்கினேன். தண்ணீர் ஊற்றாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள் என்றேன். சிலர் அப்போதே எடுத்துக் குழியில் போட்டார்கள். சிலர், "நாலு சாக்கட மீனு செத்ததுக்கு ஊர் ஊராச் சொல்லிட்டு வாராங்க பாரு" என்று என் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். ஒருத்தி டின்னை வெட்டி ரோஜாச்செடி வைத்தாள். அது பட்டுப்போனதும் என் வீட்டுக்கு வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

ஆனால் யாரை நம்ப வைக்க வேண்டுமோ அவளை என்னால் நம்ப வைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தங்கையை வாசலுக்குக் கூட்டிவந்து, கருகின புல்லைக் காட்டினேன். டின்னின் பிடியை அறுத்து அதன் பொந்தைக் காட்டினேன்.

"பாரு. ஒங் கையில ஒண்ணும் இல்ல. இதுலதான் இருந்திச்சி."

வெகுநேரம் பார்த்தாள்.

"அதுலயும் நாந்தானக்கா தண்ணி புடிச்சேன்" என்றாள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவள் புருஷனுக்கு வேறு பெண் பார்த்தார்கள். தெலுக் இந்தான் பக்கம் போய்க் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். போகிற அன்றைக்கு நாத்தனார் என் தங்கை காலைப் பிடித்து அழுதாள். இவள் கையை முந்தானைக்குள் வைத்தபடியே நின்றாள். அவளை நான் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பிறகு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். எண்பதுகளில் நாங்கள் ஈப்போவுக்கு வந்து, அடுக்குமாடியில் ஒரு சின்ன வீடு பிடித்தோம். பீரோவைக்கூட விட்டுவிட்டு வந்தேன். தொட்டியை விடவில்லை. லோரியில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். மங்குகளையும் கொண்டுவந்தேன்.

ஈப்போவில் குழாயைத் திறந்தால் தண்ணீர். ஆனாலும் என் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தேன். பிடித்த தண்ணீரை ஒரு நாள் சும்மா வைப்பேன். அதில் முதலில் ஒரு சொம்பு மீனுக்கு. மீன் நன்றாக ஓடினால்தான் மிச்சம் பானைக்குப் போகும், பிறகுதான் மனுஷருக்கு. பக்கத்து வீட்டுப் பெண் கேலி செய்வாள்.

"ஒங்க வீட்டுல மீனுக்கு ஆக்கிப் போட்டுட்டுத்தான் மாமாவுக்குச் சோறா அக்கா?"

"ஆமா. மாமா செத்தா சத்தம் போடுவாரு. மீனு சத்தம் போடாது, அதனால மொதல்ல அதக் கவனிக்கணும்" என்பேன்.

சிரித்துவிட்டுப் போவாள். அவளுக்குக் காரணம் சொன்னதில்லை. என் தங்கை மட்டும் காலையில் எழுந்ததும், தொண்டை வறண்டிருந்தாலும், பானையைத் தொடுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்து, "மீனு குடிச்சிருச்சா?" என்று கேட்பாள். குடித்துவிட்டது என்று நான் சொன்ன பிறகுதான் குடிப்பாள்.

செடிகளும் மீன்களும் நன்றாகவே வந்தன. பாண்டான் ஜன்னல் உயரத்துக்கு வளர்ந்தது. வேர் தொட்டியின் அடி வரை போய்ச் சுருண்டு, தலைமுடி மாதிரி அடர்ந்து கிடந்தது. அவள் தினமும் எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள். அந்தப் பழைய பேச்சு மட்டும் திரும்பவில்லை. கையும் திரும்பவில்லை. ஒரு நாள்கூட அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. நான் திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒரு முறை அவள் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். சின்னப் பிள்ளை மாதிரி அலறினாள். அதோடு விட்டுவிட்டேன்.

ஒரு நாள் நான் கீழே துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து கூப்பிட்டாள்.

"யக்கா, மீனு குட்டி போட்டிருச்சி. தாயே தின்னுது. சீக்கிரம் வாங்க."

கப்பி அப்படித்தான். குட்டி போட்ட கையோடு அதையே துரத்தித் தின்னும். குட்டிகளைக் கரண்டியால் மொண்டு வேறு பாத்திரத்தில் விட வேண்டும். அது அவளுக்கும் தெரியும், தோட்டத்தில் இருந்தபோது எத்தனையோ தடவை அவள்தான் மொண்டு விட்டிருக்கிறாள். நான் ஈரத் துணியைப் போட்டுவிட்டு, முட்டி வலியோடு படி ஏறினேன். ஒவ்வொரு மாடிக்கும் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "சீக்கிரம் வாங்கக்கா. இன்னொண்ணயும் தின்னுருச்சி. வாங்கக்கா."

நான் உள்ளே நுழைந்தபோது, வேருக்குள் புகுந்து ஒளிந்துகொண்டவை மட்டும்தான் மிச்சம். அவள் தொட்டியை ஒட்டி, கன்னத்தில் கண்ணீர் வழிய, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கரண்டி அவள் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது.